உட்குல லாட்டிஸைக் கணினியில் கணக்கிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேப், சேஜ், மேக்மா போன்ற மென்பொருள்களில் முடிவுள்ள குலங்களின் உட்குலங்களைக் கணக்கிட முயல்பவர்களோடு உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன். ஆள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். குலம், உட்குலம், வரிசை (குலத்தில் உள்ள உறுப்புகளின் எண்ணிக்கை) ஆகிய பாடநூல் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டேன். நார்மல், கான்ஜுகேட், சைக்ளிக், லாட்டிஸ் போன்றவற்றை வகுப்பில் எல்லோரும் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன். கட்டளைகளின் பெயர்கள் ஒலிக்கும்படி தமிழில் இருக்கின்றன. கேப்பில் தட்டும்போது ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாகத் தட்டவும். சேஜில் குலத்தை உருவாக்கும் பெயர்கள் கேப்பில் போலவே; அதன்மேல் போடும் கட்டளைகள் சின்ன எழுத்து, சொற்களுக்கு நடுவில் அடிக்கோடு.

உட்குல லாட்டிஸ் என்றால் என்ன? எல்லா உட்குலங்களின் பட்டியல்தானே?

பட்டியல் பாதிதான். எந்த உட்குலம் எதற்குள் அடங்குகிறது என்ற உறவும் சேர்ந்தால்தான் லாட்டிஸ். இரண்டு உட்குலங்களின் வெட்டு ஓர் உட்குலம். இரண்டையும் சேர்த்து உருவாக்கும் மிகச்சிறிய உட்குலமும் ஒன்று உண்டு. எந்த இரண்டை எடுத்தாலும் இவை இரண்டும் கிடைப்பதால்தான் அந்தப் பெயர்.

எஸ்3-ஐப் பாருங்கள், அதாவது மூன்று பொருள்களின் எல்லா வரிசைமாற்றங்களும் சேர்ந்த குலம் (எஸ்4, எஸ்5 எல்லாம் இதே மாதிரி). மேலே எஸ்3, கீழே அற்ப உட்குலம் (ஒரே உறுப்புள்ளது), நடுவில் வரிசை 2 உள்ளவை மூன்று, வரிசை 3 உள்ளது ஒன்று. மொத்தம் 6 புள்ளிகள், 8 கோடுகள். இதைக் கையால் ஒரு முறை வரைந்துவிட்டு அப்புறம் கணினிக்குப் போவது நல்லது. இந்தச் சின்னப் படம் பின்னால் வரும் பதில்களில் மூன்று முறை உதவப்போகிறது.

கேப், சேஜ், மேக்மா மூன்றில் எதை எடுப்பது?

உட்குலங்கள்தான் உங்கள் வேலை என்றால் கேப். இலவசம், திறந்த மூல மென்பொருள். 1986-ல் ஜெர்மனியின் ஆஹனில் யோவாகிம் நொய்ப்யூசர் குழு இதைத் தொடங்கியது. அவர் 1960-லேயே உட்குல லாட்டிஸைக் கணினியில் கணக்கிடுவது பற்றிக் கட்டுரை வெளியிட்டவர். கணினிக் குலக் கோட்பாட்டில் முதலில் எழுந்த கேள்விகளில் ஒன்று இது.

சேஜ் குல வேலைகளுக்கு உள்ளே கேப்பைத்தான் கூப்பிடுகிறது. பைத்தான் பழகியவர்களுக்கும், கிடைத்த லாட்டிஸைப் படமாகவோ வரைபுக் கணக்காகவோ தொடர விரும்புபவர்களுக்கும் அது வசதி. மேக்மா கட்டணம் செலுத்திப் பெறுவது. பெரிய குலங்களில் பல நேரம் வேகமானது. சின்னக் கணக்குகளுக்கு நேர வரம்புள்ள இணையக் கணிப்பான் ஒன்றையும் தருகிறார்கள்.

கேப்பைத் திறந்துவிட்டேன். முதலில் என்ன தட்டணும்?

எஸ்4-இல் தொடங்குங்கள். சிம்மெட்ரிக் குரூப் என்ற கட்டளைக்கு 4 கொடுத்து, கிடைத்ததற்கு ஒரு பெயர் வையுங்கள். அதன்மேல் லாட்டிஸ் சப்குரூப்ஸ் என்ற கட்டளையைப் போடுங்கள். ஒரே வரியில் பதில் வரும்: 11 வகுப்புகள், 30 உட்குலங்கள். உட்குலங்களையே பார்க்க வேண்டுமானால் கான்ஜுகசி கிளாசஸ் சப்குரூப்ஸ். அது 11 வகுப்புகளைத் தரும். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ரெப்ரசென்டேட்டிவ் என்ற கட்டளையால் ஒரு பிரதிநிதியை எடுக்கலாம், சைஸ் என்றால் வகுப்பில் எத்தனை பேர் என்று தெரியும்.

ஆல் சப்குரூப்ஸ் என்றும் ஒரு கட்டளை இருக்கிறது. அதுதான் பலர் கண்ணில் முதலில் படுகிறது. கேப்பின் கையேடே அதைச் சின்ன உதாரணங்களை வகுப்பில் காட்டுவதற்கானது என்கிறது. அந்த வரம்போடு பயன்படுத்துங்கள்.

11-ஆ 30-ஆ? எதை விடையாக எழுதுவது?

உட்குலங்கள் 30. கான்ஜுகேட் ஆனவற்றை (குலத்தின் ஓர் உறுப்பால் ஒன்று மற்றொன்றாக மாற்றப்படுபவை) ஒரே கூட்டமாக, அதாவது ஒரு வகுப்பாக எடுத்தால் 11. எஸ்4-இல் ஒரு இடமாற்றத்தால் உருவாகும் வரிசை 2 உட்குலங்கள் ஆறு இருக்கின்றன. எண்களுக்கு வேறு பெயரிட்டால் ஒன்று இன்னொன்றாகிவிடும், அதனால் ஆறும் ஒரே வகுப்பு. (1 2)(3 4) போன்றவற்றால் உருவாகும் மூன்று வேறொரு வகுப்பு. வரிசை ஒன்றே ஆனாலும் இவை அவற்றோடு கான்ஜுகேட் அல்ல.

11 வகுப்புகளின் அளவுகள்: 1, 3, 6, 4, 1, 3, 3, 4, 3, 1, 1. கூட்டினால் 30. அளவு 1 என்று வரும் நான்கும்தான் நார்மல் உட்குலங்கள்: அற்பமானது, நான்கு உறுப்புள்ள கிளைன் குலம், ஏ4 (எஸ்4-இன் இரட்டை வரிசைமாற்றங்கள்), எஸ்4. பெரிய குலங்களில் வகுப்பாக யோசிப்பதே ஒரே வழி என்பதைக் கீழே எஸ்8 பற்றிய கேள்வியில் பார்க்கலாம்.

ஐசோமார்ஃபிக் என்றால் கான்ஜுகேட் என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஐசோமார்ஃபிக் என்றால் பெருக்கல் அமைப்பு ஒன்றே என்று மட்டும்தான் அர்த்தம். இந்தக் குழப்பம் படித்தவர்களிடமும் இருக்கிறது. எஸ்4-இலேயே கிளைன் குலத்தோடு ஐசோமார்ஃபிக் ஆன உட்குலங்கள் நான்கு. ஒன்று நார்மல், மற்ற மூன்றும் தனி வகுப்பு. எஸ்6-இல் இன்னும் அழகாக இருக்கும். எஸ்5-ஓடு ஐசோமார்ஃபிக் ஆன உட்குலங்கள் 12. ஒரு புள்ளியை நகராமல் வைப்பவை ஆறு, ஆறு புள்ளிகளையும் கலப்பவை ஆறு. இரண்டும் தனித்தனி வகுப்புகள். எஸ்6-இன் வெளி ஆட்டோமார்ஃபிசம் (ஆட்டோமார்ஃபிசம் என்றால் குலத்தை அமைப்பு கெடாமல் தன்மேலேயே மாற்றுவது) ஒரு வகுப்பை மற்றொன்றாக மாற்றிவிடும், எஸ்6-க்குள் இருக்கும் எந்த உறுப்பாலும் அதைச் செய்ய முடியாது.

டைஹெட்ரல் குரூப் 8 என்று போட்டேன். வரிசை 16 வரும் என்று பார்த்தால் 8 வருகிறது. அதிலும் எஃப்1, எஃப்2 என்று ஏதோ எழுத்துகள்!

கேப்பில் அந்த எண் குலத்தின் வரிசை. சேஜிலும் மேக்மாவிலும் அது பலகோணத்தின் பக்கங்கள். ஆகவே சதுரத்தின் சமச்சீர் குலத்துக்குக் கேப்பில் 8 கொடுக்க வேண்டும், மற்ற இரண்டிலும் 4. இந்தக் கட்டுரையில் டி4 என்று நான் எழுதுவது வரிசை 8 உள்ள குலம்.

எஃப்1, எஃப்2 என்று வருவது அந்தக் குலத்தைக் கேப் வைத்திருக்கும் உள்வடிவம். சால்வபிள் குலங்களுக்கு (ஒவ்வொரு படியும் அடுத்ததில் நார்மலாக, சைக்ளிக் படிகளில் கட்டக்கூடியவை) அது வேகமான வடிவம், கண்ணால் படிக்கத்தான் கஷ்டம். சுழற்சிகளாகப் பார்க்க வேண்டும் என்றால் இஸ் பெர்ம் குரூப் என்பதை முதல் உள்ளீடாகச் சேர்த்துக் கேளுங்கள், வரிசைமாற்றங்களாகத் தரும்.

வந்த விடை சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மென்பொருள் தப்பாகக் கணக்கிட்டதைவிட, நாம் வேறு குலத்தைக் கொடுத்துவிட்டதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு முறை ஒரு மாணவி கிளைன் குலத்தை உள்ளிட்டு, 5 உட்குலம் வர வேண்டிய இடத்தில் 2 மட்டும் வருகிறது என்று தவித்துக்கொண்டிருந்தார். திரையில் (1,2)(3,4) என்று இருந்தது. நடுவில் ஒரு காற்புள்ளி இல்லை. காற்புள்ளி இருந்தால் இரண்டு ஜெனரேட்டர், வரிசை 4. இல்லையென்றால் இரண்டும் பெருகி ஒரே உறுப்பாகி, வரிசை 2. ஆகவே லாட்டிஸ் கேட்கும் முன் சைஸ் கேளுங்கள். இது ஒரு விநாடி வேலை.

அடுத்தது ஃப்ரோபீனியஸ் தேற்றம். ஒரு பகா எண்ணின் அடுக்கு குலத்தின் வரிசையை வகுத்தால், அந்த அடுக்கை வரிசையாகக் கொண்ட உட்குலங்களின் எண்ணிக்கையை அந்தப் பகா எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வரும். எஸ்4-இல் வரிசை 2 உள்ளவை 9, வரிசை 4 உள்ளவை 7, வரிசை 8 உள்ளவை 3. எல்லாம் ஒற்றைப்படை. வரிசை 3 உள்ளவை 4, மூன்றால் வகுத்தால் மீதி 1. வரிசை 6 உள்ளவை 4, வரிசை 12 உள்ளது ஒன்று. இவற்றோடு இரண்டு ஓரங்களையும் சேர்த்தால் 30. டைஹெட்ரல் குலத்துக்கு வேறொரு சோதனை உண்டு: பக்கங்களின் எண்ணிக்கைக்கு எத்தனை வகுத்திகள், அந்த வகுத்திகளின் கூட்டுத்தொகை என்ன, இரண்டையும் கூட்டுங்கள். டி4-க்கு 3 + 7 = 10.

உள்ளே என்னதான் செய்கிறது? எல்லா உட்கணங்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறதா?

அப்படிச் செய்தால் எஸ்4-க்கே 24 உறுப்புகளிலிருந்து ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கும் மேலான உட்கணங்கள் வரும். நொய்ப்யூசரின் முறை கீழிருந்து மேலே கட்டுகிறது. முதலில் பகா எண் அடுக்கை வரிசையாகக் கொண்ட சைக்ளிக் (ஒரே உறுப்பால் உருவாகும்) உட்குலங்களை எல்லாம் சேகரிக்க வேண்டும். இவற்றுக்கு ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து "சுப்போ" என்று பெயர். இந்தத் துறையில் இன்றும் அந்தச் சொல்தான் புழங்குகிறது. எந்த உட்குலத்தையும் அதற்குள் இருக்கும் சுப்போக்கள் தீர்மானித்துவிடும். அதனால் ஒவ்வொரு உட்குலமும் 0, 1 கொண்ட ஒரு சரமாக மாறிவிடுகிறது. ஒன்று மற்றொன்றில் அடங்குமா என்று பார்ப்பது, இரண்டு சரங்களை ஒப்பிடும் வேலைதான்.

ஏ4-இல் கையாலேயே செய்து பார்க்கலாம். சுப்போக்கள் ஏழு: வரிசை 2 உள்ளவை மூன்று, வரிசை 3 உள்ளவை நான்கு. அற்ப உட்குலத்திலிருந்து கிளம்பினால் முதல் படியில் இந்த ஏழும் கிடைக்கும். அடுத்து, ஓர் உட்குலத்தை நார்மலாக வைத்து அதோடு ஒரு சுப்போவைச் சேர்க்க முடியுமா என்று பார்க்க வேண்டும். (1 2)(3 4)-ஆல் வந்த உட்குலத்தோடு (1 3)(2 4) சேரும், கிளைன் குலம் கிடைக்கும், அதன் சரம் 1110000. வரிசை 3 உள்ளவற்றோடு எதுவும் சேராது, ஏனென்றால் ஏ4-இல் அவற்றின் நார்மலைசர் (எதற்குள் ஓர் உட்குலம் நார்மலாக இருக்குமோ அந்த மிகப்பெரிய உட்குலம்) அவையேதான். அப்புறம் கிளைன் குலத்தோடு வரிசை 3 உள்ள ஒன்று சேரும், ஏ4 முழுதாக வந்துவிடும், 1111111. எண்ணிப் பாருங்கள்: 1 + 7 + 1 + 1 = 10. வரிசை 6 உள்ள உட்குலம் எங்கேயும் முளைக்கவில்லை. 6 என்பது 12-ஐ வகுத்தும் அப்படியோர் உட்குலம் இல்லை என்று லக்ராஞ்ச் தேற்றத்தின் மறுதலைக்கு வகுப்பில் சொல்லும் எதிர் உதாரணம், இங்கே கண்முன்னால் நடக்கிறது.

உண்மையான நிரலில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பிரதிநிதியை மட்டும் நீட்டுவார்கள், மற்றவை கான்ஜுகேஷனில் தானாக வரும். பெரிய குலங்களுக்கு இன்றைய கேப் வேறு வழியையும் கையாளுகிறது. குலத்தின் பெரிய சால்வபிள் நார்மல் உட்குலத்தை ஒதுக்கிவிட்டு, ஈவுக் குலத்தின் உட்குலங்களை முதலில் கண்டு, அவற்றைப் படிப்படியாக முழுக் குலத்துக்குத் தூக்கிவருகிறது. அலெக்சாண்டர் ஹல்ப்கே இதில் நிறைய உழைத்திருக்கிறார்.

ஏ5 மாதிரி சிம்பிள் குலத்தை இப்படி எட்ட முடியாதே?

சரியாகப் பிடித்தீர்கள். மேலே சொன்ன முறையில் ஒவ்வொரு படியும் முந்தையதை நார்மலாக வைத்துக்கொண்டு ஏறுகிறது. அப்படி ஏறினால் சால்வபிள் உட்குலங்கள் மட்டுமே கிடைக்கும். ஏ5-இல் 58 உட்குலங்கள், 8 வகுப்புகள் வந்து நின்றுவிடும். உச்சியில் இருக்கும் ஏ5 மட்டும் வராது.

அதற்காகப் பெர்ஃபெக்ட் குலங்களின் (தன் கம்யூட்டேட்டர் உட்குலமே தானாக இருப்பவை) தயார்ப் பட்டியல் ஒன்றை மென்பொருள் வைத்திருக்கிறது. அவற்றில் எவை உங்கள் குலத்துக்குள் இருக்கின்றன என்று தேடி, அவற்றையும் தொடக்கப் புள்ளிகளாக வைத்து ஏறுகிறது. அப்போது 59 உட்குலங்கள், 9 வகுப்புகள் என்று கணக்கு முழுமையாகும்.

எஸ்8 போட்டேன், திரை அப்படியே நிற்கிறது. எவ்வளவு பெரிய குலம் வரை தாங்கும்?

பெரும்பாலும் நீங்கள் ஆல் சப்குரூப்ஸ் கேட்டிருப்பீர்கள். எஸ்5-இல் 156 உட்குலங்கள், 19 வகுப்புகள். எஸ்6-இல் 1,455 உட்குலங்கள், 56 வகுப்புகள். எஸ்7-இல் 11,300-க்கு 96. எஸ்8-இல் 1,51,221-க்கு 296. எஸ்10-க்குப் போனால் உட்குலங்கள் 2,95,94,446, வகுப்புகள் வெறும் 1,593. வகுப்புகளைக் கேட்டிருந்தால் எஸ்8 நிற்காது. டெரெக் ஹோல்ட் 2010-இல் எஸ்18 வரை வகுப்புகளை எண்ணிவிட்டார்: 75,98,016. அவற்றில் உள்ள உட்குலங்களை ஒவ்வொன்றாக நினைவகத்தில் வைக்க யாரும் முயலப்போவதில்லை.

ஆனால் "எவ்வளவு பெரிய" என்று வரிசையை வைத்துக் கேட்பதே வழிதவறச் செய்யும். வரிசை 1,024 உள்ள சைக்ளிக் குலத்துக்கு 11 உட்குலங்கள்தான். அதே வரிசையில், வரிசை 2 உள்ள குலத்தைப் பத்து முறை நேர்ப் பெருக்கம் செய்து வரும் குலத்துக்கு 22,97,55,605 உட்குலங்கள். அது ஏபெல் குலம் (எந்த இரண்டு உறுப்புகளை எப்படி மாற்றிப் பெருக்கினாலும் விடை ஒன்றே) என்பதால் கான்ஜுகேஷனும் கைகொடுக்காது, ஒவ்வொரு உட்குலமும் தனி வகுப்பு. மறுபக்கம், மாத்யூ குலம் எம்24-இன் வரிசை 24,48,23,040. அதன் உட்குல வகுப்புகள் 1,529 மட்டுமே. ஆகவே பார்க்க வேண்டியது வரிசையின் பகாக்காரணிகளை. 2 போன்ற சின்னப் பகா எண்ணின் பெரிய அடுக்கு உள்ளே ஒளிந்திருந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்னொன்று. குலம் சால்வபிள் என்று தெரிந்தும் அது அணிகளாலோ உறவுச் சமன்பாடுகளாலோ கொடுக்கப்பட்டிருந்தால், முதலில் ஐசோமார்ஃபிசம் பிசி குரூப் என்ற கட்டளையால் வடிவத்தை மாற்றுங்கள். சால்வபிள் இல்லையென்றால் ஐசோமார்ஃபிசம் பெர்ம் குரூப். அதே கணக்கு வேறு வேகத்தில் ஓடுவதைப் பார்ப்பீர்கள்.

எனக்கு முழு லாட்டிஸ் வேண்டாம், ஒரு பகுதி போதும். முடியுமா?

முடியும். என் கருத்தில் இதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். முழு லாட்டிஸ் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் வேண்டியது அதன் ஒரு மூலைதான். நார்மல் உட்குலங்கள் மட்டும் என்றால் நார்மல் சப்குரூப்ஸ். உச்சிக்கு நேர் கீழே இருப்பவை மட்டும் என்றால் மேக்சிமல் சப்குரூப் கிளாஸ் ரெப்ஸ். அதற்குக் கீழே இரண்டு மூன்று அடுக்கு என்றால் லோ லேயர் சப்குரூப்ஸ். ஓர் உட்குலத்துக்கும் முழுக் குலத்துக்கும் இடையே இருப்பவை என்றால் இன்டர்மீடியட் சப்குரூப்ஸ். எஸ்4-இல் நார்மல் கிளைன் குலத்துக்கு மேலே கேட்டால் நான்கு வரும்: டி4 மூன்று, ஏ4 ஒன்று. இரண்டு ஓரங்களோடு சேர்த்தால் முதல் பதிலில் வரைந்த எஸ்3-இன் படம் அச்சு அசலாக அங்கே இருக்கும், ஈவுக் குலம் எஸ்3 என்பதால்.

ஏபெல் உட்குலங்கள் மட்டும் வேண்டும் என்பது போல நிபந்தனை இருந்தால் லாட்டிஸ் பை சைக்ளிக் எக்ஸ்டென்ஷன் என்ற கட்டளைக்கு அந்த நிபந்தனையையும் கொடுக்கலாம். கவனம்: அந்த நிபந்தனை ஒரு குலத்துக்குப் பொருந்தினால் அதன் உட்குலங்களுக்கும் பொருந்த வேண்டும். ஏபெல் என்பது அப்படி இறங்கிவரும். "வரிசை 8" என்பது இறங்காது. கீழேயே வெட்டிவிட்டால் மேலே ஏற வழி இருக்காது.

படமாக எப்படி எடுப்பது?

டாட் ஃபைல் லாட்டிஸ் சப்குரூப்ஸ் என்ற கட்டளை, லாட்டிஸை ஒரு கோப்பாக எழுதும். அதைக் கிராஃப்விஸ் என்ற இலவச நிரல் படமாக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு எண்கள் இருக்கும்: எத்தனையாவது வகுப்பு, அந்த வகுப்பில் எத்தனையாவது. நார்மல் உட்குலங்களைப் பெட்டியாகக் காட்டும்.

எஸ்4-இன் படத்தில் 30 புள்ளிகள், 66 கோடுகள். படிக்கலாம். எஸ்5-இன் 156 புள்ளிகளை ஒரே தாளில் போட்டால் கறுப்புப் பட்டைதான் தெரியும். அங்கே வகுப்புக்கு ஒரு புள்ளி என்று 19 புள்ளிகளில் வரையுங்கள், பக்கத்தில் வகுப்பின் அளவை எழுதுங்கள். எந்த வகுப்பிலிருந்து எதற்குக் கோடு என்பதை மேக்சிமல் சப்குரூப்ஸ் லாட்டிஸ் என்ற கட்டளை சொல்லிவிடும்.

சேஜில் சப்குரூப்ஸ் எடுத்து போசெட் (எது எதற்குள் என்ற உறவோடு கூடிய கணம்) கட்டினேன், எஸ்6-க்கு முடியவே இல்லை. ஏன்?

இணையத்தில் பார்க்கும் வழி, எல்லா உட்குலங்களையும் எடுத்து, எந்த இரண்டுக்கும் "இது அதன் உட்குலமா" என்று கேட்கும். எஸ்6-இன் 1,455 உட்குலங்களுக்கு 21,17,025 கேள்விகள். ஒவ்வொன்றும் தனியாகக் கேப்புக்குப் போய்வருகிறது. பாரம் அந்தப் போக்குவரத்தில்தான்.

கேப்பிலேயே லாட்டிஸ் சப்குரூப்ஸ் போட்டு, நேர் கீழே இருப்பவற்றின் பட்டியலை மட்டும் சேஜுக்குக் கொண்டுவாருங்கள். உறவுகள் முழுவதும் அதிலிருந்தே பிறக்கும், போசெட் உடனே கட்டப்பட்டுவிடும்.

வகுப்புக்கு ஒரு புள்ளி என்று வரைந்தால் அதுவும் லாட்டிஸ்தானே?

எப்போதும் இல்லை. ஏ5-ஐ எடுங்கள். வரிசை 2 உள்ளவை ஒரே வகுப்பு, வரிசை 3 உள்ளவை ஒரே வகுப்பு. இரண்டுக்கும் மேலே இருக்கும் வகுப்புகள் எவை? எஸ்3, ஏ4, ஏ5. இவற்றில் மிகச்சிறியது எது என்று கேட்டால் எஸ்3, ஏ4 இரண்டும் போட்டிக்கு நிற்கும். எஸ்3 ஏ4-க்குள் அடங்காது. ஆக இரண்டு வகுப்புகளுக்கும் ஒரே "சேர்ப்பு" இல்லை.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. மேக்மாவில் சப்குரூப் லாட்டிஸ் என்ற பெயரில் வருவது இந்த வகுப்புகளின் போசெட்தான். பெயரைப் பார்த்துவிட்டுப் புள்ளிகளை உட்குலங்களாக எண்ணிவிடாதீர்கள்.

இரண்டு குலத்துக்கும் ஸ்ட்ரக்சர் டிஸ்கிரிப்ஷன் ஒரே மாதிரி வருகிறது. அப்போது இரண்டும் ஒன்றா?

அந்தப் பெயரை நம்பி முடிவெடுக்காதீர்கள். வரிசை 20 உள்ள குலங்களில் இரண்டு வேறு வேறு குலங்களுக்குக் கேப் "சி5 : சி4" என்றே பெயர் தரும் (சி5 என்றால் வரிசை 5 உள்ள சைக்ளிக் குலம்). ஒன்றில் மையம் அற்பமானது, மற்றொன்றில் வரிசை 2 உள்ள மையம் இருக்கிறது. முக்காற்புள்ளி, பகுதி நேர்ப் பெருக்கம் என்று மட்டும் சொல்கிறது, எந்தச் செயலால் பெருக்கியது என்று சொல்வதில்லை. ஐடி குரூப் கேளுங்கள். சிறு குலங்களின் நூலகத்தில் அதன் முகவரி வரும். வரிசை 2,000 வரை, 1,024 நீங்கலாக, அந்த நூலகம் எல்லாக் குலங்களையும் வைத்திருக்கிறது. முகவரி ஒன்றானால் குலமும் ஒன்று.

லாட்டிஸ் ஒன்றாக இருந்தால் குலம் ஒன்றுதானே?

இல்லை. எஸ்3-இன் படத்துக்குத் திரும்புங்கள்: மேலே ஒன்று, நடுவில் நான்கு, கீழே ஒன்று. வரிசை 3 உள்ள சைக்ளிக் குலத்தைத் தன்னோடு நேர்ப் பெருக்கம் செய்தால் வரிசை 9. அதில் வரிசை 3 உள்ள உட்குலங்கள் நான்கு. படம் அதேதான். ஒன்று ஏபெல், மற்றொன்று இல்லை.

வரிசை சமமாக இருந்தாலும் தப்ப முடியாது. வரிசை 16-இல் 5, 6 என்ற எண்களில் இருக்கும் குலங்களைக் கேட்டுப் பாருங்கள். முதலாவது வரிசை 8, வரிசை 2 உள்ள சைக்ளிக் குலங்களின் நேர்ப் பெருக்கம். இரண்டாவது ஏபெல் அல்லாதது. இரண்டுக்கும் 11 உட்குலங்கள், லாட்டிஸும் ஒன்றே. வித்தியாசம் வகுப்புகளில்தான் வெளிப்படும்: முதலாவதில் 11, இரண்டாவதில் 10.

ஆனால் லாட்டிஸ் சொல்வது கொஞ்சமல்ல. லாட்டிஸ் பங்கீட்டு விதிக்கு உட்பட்டால் முடிவுள்ள குலம் சைக்ளிக், மறுதலையும் உண்மை. இது 1938-இல் ஆய்ஸ்டைன் ஓரே நிறுவியது. கீழிருந்து மேலே போகும் இடைவெளியில்லாச் சங்கிலிகள் எல்லாம் ஒரே நீளமாக இருந்தால், அப்போது மட்டுமே, குலம் சூப்பர்சால்வபிள் (சால்வபிளைவிடக் கடுமையான நிபந்தனை: ஒவ்வொரு படியும் முழுக் குலத்திலேயே நார்மலாக இருக்க வேண்டும்). இது 1941-இல் கென்கிச்சி இவாசாவா நிறுவியது. எஸ்4-இல் சி3, எஸ்3 வழியாக ஏறினால் மூன்று படி, சி2, கிளைன், டி4 வழியாக ஏறினால் நான்கு படி. எஸ்4 சூப்பர்சால்வபிள் இல்லை என்பதைப் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நேற்று ஏழாவது வகுப்பாக இருந்தது இன்று எட்டாவதாக இருக்கிறது. பிழையா?

பிழை இல்லை. வகுப்புகள் எந்த வரிசைமுறையில் வரும் என்று கேப் உறுதி தருவதில்லை. குலத்தை வேறு ஜெனரேட்டர்களால் கொடுத்தாலோ, பதிப்பு மாறினாலோ எண்கள் இடம் மாறலாம். நிரலில் "7-வது வகுப்பு" என்று எழுதாமல், வரிசை, வகுப்பின் அளவு, ஐடி குரூப் ஆகியவற்றால் தேடி எடுங்கள்.

லாட்டிஸ் கிடைத்துவிட்டது. அதை வைத்து என்ன செய்யலாம்?

எனக்கு மிகவும் பிடித்த பயன் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு குலத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு உறுப்புகளை எடுத்தால் அவை முழுக் குலத்தையும் உருவாக்குமா? 1936-இல் ஃபிலிப் ஹால் இதற்கு லாட்டிஸிலிருந்தே விடை எடுத்தார். உச்சிக்கு 1 என்று எழுதுங்கள். கீழே உள்ள ஒவ்வொரு புள்ளியிலும், அதற்கு மேலே இருப்பவற்றின் எண்களைக் கூட்டிக் குறியை மாற்றி எழுதுங்கள். இதுதான் மோபியஸ் எண். எஸ்3-இல் நடுவில் உள்ள நான்குக்கும் −1, அடியில் 3. இப்போது ஒவ்வொரு உட்குலத்தின் வரிசையையும் வர்க்கப்படுத்தி, அதன் மோபியஸ் எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள்: 36 − 4 − 4 − 4 − 9 + 3 = 18. மொத்தம் 36 ஜோடிகளில் 18, சரிபாதி எஸ்3-ஐ உருவாக்கும்.

ஏ5-க்கு இதே கணக்கை வகுப்புகளை வைத்தே செய்யலாம். ஒவ்வொரு வகுப்பின் பங்கையும் அதன் அளவால் பெருக்கினால் போதும். 3,600 − 720 − 600 − 360 + 180 + 240 − 60 = 2,280. முதல் எண் ஏ5, அடுத்தவை ஏ4, டி5, எஸ்3, சி3, சி2, அற்ப உட்குலம். கிளைன் குலத்துக்கும் சி5-க்கும் மோபியஸ் எண் பூச்சியம், அதனால் அவை வரவில்லை. இந்த 2,280-ஐ ஏ5-இன் ஆட்டோமார்ஃபிசங்களின் எண்ணிக்கையான 120-ஆல் வகுத்தால் 19. ஏ5-ஐ 19 முறை நேர்ப் பெருக்கம் செய்து வரும் பிரம்மாண்டமான குலத்தை இரண்டே உறுப்புகளால் உருவாக்கிவிடலாம், 20 முறை பெருக்கினால் முடியாது. இந்த 19-ஐ ஒன்பது வகுப்புகள் கொண்ட ஒரு சின்னப் படத்திலிருந்து உங்கள் கையாலேயே எடுக்க முடியும்.